34 வயது இடைவெளி, 13 நிமிட வித்தியாசம்: உப்புவெளிப் பாதையில் ஓர் அரைத்தூர ட்ரையத்லன் ஆய்வு

நெடுந்தூர ட்ரையத்லனின் முழுத்தூரம் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். அதன் சரிபாதி 1.9, 90, 21.1. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் நேரம் பிடித்துப் பயிற்சி செய்யும் அமெச்சூர் வீரர்களில் பலர் முதலில் எட்டிப் பார்ப்பது இந்த அரைத்தூரத்தைத்தான். "இந்த வயதில் இதெல்லாம் ஓடுமா?" என்று நாற்பதைத் தாண்டியவர்கள் கேட்கிறார்கள். "வயசு இருக்கு, பார்த்துக்கொள்ளலாம்" என்று இருபதுகளில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இரண்டு நினைப்பும் ஒரே இடத்தில்தான் பிசகுகின்றன. அமெச்சூர்களின் முடிவு நேரத்தில் வயதின் பங்கைவிட வேகக் கணக்கு, சாப்பாடு, வெயில், நீரில் இருக்கும் திறமை ஆகியவற்றின் பங்கு பெரிது. வயது, பிழைவிட இருக்கும் இடத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டு வருகிறது.

இங்கே வரும் மூவரும் தனி ஆட்கள் அல்லர். இப்படிப் பயிற்சி செய்கிறவர்களிடம் வழக்கமாகக் காணும் உடல்நிலை, வேகம், பிழைகள் ஆகியவற்றை வயதுவாரியாகச் சேர்த்து அமைத்த மாதிரிகள். அவர்களுக்குரிய எண்கள் விளக்கத்துக்காகக் கணக்கிடப்பட்டவை. உடலியல் தகவல்களும் பாதையும் வானிலையும் உள்ளபடி.

மூவரும் பாதையும்

முதலாமவர் 28 வயது ஆண், 68 கிலோ. பாடசாலைக் காலத்திலிருந்தே ஓட்டக்காரர், தனி அரை மரதனை 1 மணி 38 நிமிடத்தில் முடிப்பவர். நீச்சலைப் பெரிய ஆளான பிறகுதான் பழகினார். ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து மிதிக்கக்கூடிய வலு, அதாவது எல்லை வலு, 215 வாட்.

இரண்டாமவர் 45 வயதுப் பெண், 61 கிலோ. அலுவலக வேலை, இரண்டு பிள்ளைகள், வாரத்துக்கு ஏழு அல்லது எட்டு மணி நேரம் மட்டுமே பயிற்சி. எல்லை வலு 165 வாட்.

மூன்றாமவர் 62 வயது ஆண், 70 கிலோ, ஓய்வுபெற்றவர். கடலோரத்தில் வளர்ந்ததால் தண்ணீருக்குள் பதற்றம் என்பதே கிடையாது. எல்லை வலு 170 வாட். இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எடுக்கிறார்.

பந்தயத்துக்கான ஒத்திகை வைகாசி மாதத்தில், விடிந்ததும் திருகோணமலை நகருக்கு வடக்கே உள்ள உப்புவெளிக் கடற்கரையில் தொடங்குகிறது. நீச்சல் முடிந்ததும் நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று புல்மோட்டை வீதியில் வடக்கே 45 கி.மீ. போய்த் திரும்ப வேண்டும். ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. சுமை காற்றும் வெயிலுந்தான். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் போகும்போது காற்று இடது பக்கமிருந்தும் முதுகிலிருந்தும் வரும், திரும்பும்போது அது முகத்தில் அறையும். அதே நேரத்தில் சூரியனும் மேலே ஏறியிருக்கும். போகும் பாதியில் "இன்றைக்கு நல்லா ஓடுது" என்று நினைத்து மிதிப்பவர்களை இந்த வீதி திரும்பும் பாதியில் பிடித்துவிடும். ஓட்டம் உப்புவெளியிலிருந்து நகரத்துப் பக்கம் போய் வரும் சுற்று.

முடிவுகள் இப்படி வந்தன. 28 வயதுக்காரர்: நீச்சல் 59:30, சைக்கிள் 2:53:42, ஓட்டம் 2:31, நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இரண்டு மாற்றங்களும் சேர்த்து 7 நிமிடம், மொத்தம் 6:31:12. 45 வயதுக்காரர்: 45:30, 3:16, 2:14, மாற்றங்களுக்கு 9 நிமிடம், மொத்தம் 6:24:30. 62 வயதுக்காரர்: 43 நிமிடம், 3:14, 2:36, மாற்றங்களுக்கு 11 நிமிடம், மொத்தம் 6:44. இந்தத் தூரத்துக்குப் பெரும்பாலான பந்தயங்களில் தரப்படும் எல்லை 8 மணி 30 நிமிடம். மூவரும் அதற்குள் நன்றாகவே முடித்திருக்கிறார்கள். ஆனால் எல்லா வசதியும் கொண்ட இளைய உடல் மூத்தவரைவிட 13 நிமிடம்தான் முன்னால் வந்திருக்கிறது, நடுவயதுப் பெண்ணுக்கு ஏழு நிமிடம் பின்னால் நிற்கிறது.

வயது உண்மையில் எவ்வளவு எடுக்கிறது

உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஒட்சிசன் அளவு, பயிற்சி இல்லாதவர்களிடம் முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 10% குறைகிறது. கடும் பயிற்சியை விடாமல் தொடர்பவர்களிடம் அந்த இழப்பு ஏறக்குறைய பாதிதான். அதிகபட்ச இதயத்துடிப்புக்கு 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் சூத்திரம் புழக்கத்தில் உள்ளது. அதன்படி இவர்களுக்கு 188, 177, 165 என்று வரும். ஆளுக்காள் பத்துத் துடிப்பு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதால், சூத்திரத்தை மட்டும் நம்பிப் பயிற்சி வலயங்களை அமைக்கக் கூடாது.

நெடுந்தூரத்தில் உச்ச வயது முப்பதுகளில் விழுகிறது. ஹவாயில் நடந்த முழுத்தூர (அயன்மேன்) உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜான் ஃபுரோடெனோ 2019இலும் பட்ரிக் லாங்க 2024இலும் வென்றபோது இருவருக்கும் வயது 38. அதன் பிறகு ஐம்பது வரை சரிவு மெதுவானது. பின்னர் வேகம் பிடிக்கும், எழுபதுக்கு மேல் இன்னும் கூடும். ஜப்பானின் ஹிரோமு இனாடா 2018இல் 85 வயதில் ஹவாயில் முழுத்தூரத்தையே 17 மணி நேர எல்லைக்குள் முடித்தார். மூன்று பிரிவுகளும் ஒரே அளவில் சரிவதில்லை. சைக்கிளில் சரிவு குறைவு, நீச்சலிலும் ஓட்டத்திலும் அதிகம். 62 வயதுக்காரரின் 3:14ஐயும் 2:36ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெரியும்.

அமெச்சூர் வீரர்களைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு விடயம்: முழுத்தூர நேரத்தை முன்கூட்டிச் சொல்ல, ஒருவரின் சிறந்த மரதன் நேரமும் ஒலிம்பிக் தூர (1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம்) ட்ரையத்லன் நேரமும் நல்ல அளவுகோல்கள். அப்படிப் பார்த்தால் 28 வயதுக்காரர் ஓட்டத்தில் பறந்திருக்க வேண்டும். ஏன் பறக்கவில்லை என்பதில்தான் இந்த ஆய்வின் பாதி இருக்கிறது.

கடல்

உப்புவெளிக் கரை கிழக்கு நோக்கியது. விடியற்காலையில் வெளியே நீந்துபவரின் கண்ணுக்கு நேரே சூரியன் நிற்கும், ஆரஞ்சு மிதவை வெறும் கறுப்புப் புள்ளியாகிவிடும். தெளிந்த கண்ணாடி போட்டவருக்கு முதல் 400 மீற்றரில் எதுவும் தெரியாது. கருமை பூசிய கண்ணாடியே தேவை. தெற்கு நோக்கிய கால்வாசியில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை பெரிய அடையாளமாக எதிரே இருக்கும். மிதவையைத் தேடுவதைவிட மலையில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொள்வது எளிது. ஆறு முதல் எட்டுக் கைவீச்சுக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே எடுத்துப் பார்க்க வேண்டும். தலையை முழுக்கத் தூக்கினால் இடுப்புத் தாழும், கால் இழுபடும்.

28 வயதுக்காரரின் வேகம் 100 மீற்றருக்கு 2:50. 1.9 கி.மீ.க்கு அது 53:50 ஆகியிருக்க வேண்டும். கைக்கடிகாரம் காட்டிய தூரம் 2.1 கி.மீ. நேராகப் போகாததற்கு மட்டும் 5 நிமிடம் 40 செக்கன் போயிற்று. அதைக் குறைக்க உடல்வலு தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள், கண்ணை மூடிப் பத்துக் கைவீச்சு, பிறகு பார்வை, மறுபடி பத்து என்று பழகினால், எந்தப் பக்கம் இழுக்கிறார் என்பது அவருக்கே தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரே பக்கம் மூச்செடுப்பவர்கள்தான் வளைந்து போகிறார்கள்.

திருகோணமலைக் கடல் ஆண்டு முழுவதும் 26 பாகைக்கு மேலேயே இருக்கும். பந்தய விதிகள் நீச்சல் தடிப்பாடைக்கு (வெற்சூட்) அனுமதி தருவது 24.5 பாகை வரைதான். ஆகவே இங்கே அந்த ஆடை தரும் மிதப்பு யாருக்கும் கிடையாது. கால் தாழ்ந்து நீந்துபவர் குளிர்நாட்டுப் பந்தயங்களில் மறைத்துக்கொள்ளும் குறை இங்கே அப்படியே வெளியே தெரியும். விழுங்கிய உப்புநீரும் ஒரு சிக்கல். ஏழெட்டு மிடறு போனாலே சைக்கிளின் முதல் அரை மணி நேரம் குமட்டும், சாப்பாடு இறங்காது. மாற்றிடத்தில் வாய் கொப்பளிக்கத் தனியாக ஒரு சிறு போத்தல் நன்னீர் வைக்க வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் வஸ்லின் பூசாமல் போனால் உப்பு அறுத்துவிடும்.

வயதோடு நேரடியாகச் சேர்ந்த ஆபத்தும் இங்கேதான். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரையான ட்ரையத்லன் பந்தயங்களை ஆராய்ந்ததில், 135 பேர் இறந்தோ இதயம் நின்று விழுந்து மீட்கப்பட்டோ இருந்தார்கள். சராசரி வயது 47, 85% ஆண்கள், மூன்றில் இரண்டு பங்கு சம்பவம் நீச்சலின்போது. அறுபதைத் தாண்டிய ஆண்களிடம் விகிதம் மற்றவர்களைவிடப் பல மடங்கு. 62 வயதுக்காரர் எவ்வளவு நல்ல நீச்சல்காரராக இருந்தாலும், வைத்தியரிடம் உழைப்புச் சோதனையுடனான இதய வரைபடம் எடுக்காமல் பந்தயத் தூரத்துக்கு இறங்கக் கூடாது. 45ஐத் தாண்டிய ஆண்களுக்கும், குடும்பத்தில் இதயநோய் உள்ள எவருக்கும் இதையே சொல்வோம். தொடங்குமுன் 10 நிமிடம் மெதுவாக நீந்தி உடலைச் சூடாக்குவது எல்லா வயதுக்கும் கட்டாயம். தனியே போகக் கூடாது. இடுப்பில் கட்டும் ஆரஞ்சு மிதவை இல்லாமல் கரையிலிருந்து விலகக் கூடாது, ஏனென்றால் அதிகாலையில் மீன்பிடிப் படகுகள் கரைக்குத் திரும்பும்.

28 வயதுக்காரரின் 14ஆவது கிலோமீற்றர்

அரைத்தூரத்தில் அமெச்சூர் ஒருவர் எல்லை வலுவின் 75 முதல் 80 சதவீதத்தில் மிதித்தால் ஓட்டத்துக்குக் கால் மிஞ்சும். 215 வாட்டுக்கு அது 161 முதல் 172. இவர் போகும் பாதியில் 189 வாட்டில், 88 சதவீதத்தில் போனார். காற்றும் முதுகில் இருந்ததால் மணிக்கு 33.5 கி.மீ. காட்டியது. திரும்பும் பாதியில் வலு 150 வாட்டுக்கு விழுந்தது, வேகம் 29க்கு வந்தது. சீராக 168 வாட்டில் வந்திருந்தால் சைக்கிளில் அதிகம் போனால் எட்டு நிமிடம் பின்தங்கியிருப்பார். அந்த எட்டு நிமிடத்துக்காக ஓட்டத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் கொடுத்தார்.

இதற்கு ஒரு பழக்கம் காரணம். அவருடைய நீண்ட சைக்கிள் ஓட்டமெல்லாம் குழுவோடு. முன்னால் ஒருவர் காற்றை வெட்டிக்கொடுக்க, பின்னால் ஒட்டி வந்தால் சுமை வெகுவாகக் குறையும். பந்தயத்தில் முன்னால் போகும் சைக்கிளிலிருந்து 12 மீற்றர் இடைவெளி விட வேண்டும், தவறினால் தண்டனை. குழுவில் 33இல் போகிறவர் தானும் 33 ஆள் என்று நம்பிவிடுகிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது தனியே, 60 கி.மீ.க்குக் குறையாமல், ஒரே வலுவில் போய்ப் பழக வேண்டும். மிதிக்கும் வலுவை அளக்கும் பவர் மீற்றர் இல்லாதவர்கள் முதல் 30 கி.மீ.இல் இதயத்துடிப்பு எல்லைத் துடிப்பின் (எல்லை வலுவில் மிதிக்கும்போது வரும் துடிப்பின்) 85% தாண்டாமல் பார்த்தால் போதும், அதோடு மூச்சு வாங்காமல் ஒரு முழு வசனம் பேச முடிய வேண்டும்.

இரண்டாவது காரணம் சாப்பாடு. மணிக்கு 35 கிராம் மாச்சத்துத்தான் உள்ளே போனது: ஒரு ஜெல், ஒரு வாழைப்பழத்தில் பாதி. கிளைக்கோஜன், அதாவது உடல் சேமித்த மாச்சத்து, கடும் உழைப்பில் இரண்டு முதல் மூன்று மணி நேரத்துக்குள் தீரும். எல்லையை ஒட்டி மிதித்தால் இன்னும் வேகமாகத் தீரும். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராம் வரை உள்ளே எடுக்கும். பிரக்டோஸையும் 2:1 என்று சேர்த்தால் 90 கிராம் வரை போகலாம், ஏனென்றால் இரண்டும் குடல் சுவரைக் கடக்கும் வழிகள் வேறு.

இதற்கு வெளிநாட்டுப் பொடி வாங்க வேண்டியதில்லை. வீட்டுச் சீனி பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். 60 கிராம் சீனியும் 30 கிராம் குளுக்கோஸ் மாவும் சேர்த்தால் 60க்கு 30 என்ற விகிதம் சரியாக வரும். அதில் 1.5 கிராம் உப்பு, ஏறக்குறைய கால் தேக்கரண்டி, போட்டால் 590 மில்லிகிராம் சோடியம். சுவைக்குத் தேசிக்காய்ச் சாறு கொஞ்சம். இது ஒரு மணி நேரத்துக்கான அளவு. 90 கிராமையும் ஒரே 750 மி.லீ. போத்தலில் கரைத்தால் 12% வரும். வெயிலில் அவ்வளவு தடிப்பான கரைசல் வயிற்றில் தேங்கி நிற்கும், பிரட்டும். ஒரு போத்தலில் கரைசல், இன்னொன்றில் வெறும் தண்ணீர் என்று வைத்து மாறிமாறிக் குடிக்க வேண்டும். குடலும் பழக வேண்டிய உறுப்பு. முதல் வாரத்தில் மணிக்கு 45 கிராமில் தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரத்தில் 80க்கோ 90க்கோ கொண்டுபோக வேண்டும். பந்தயத்தன்று முதன்முறையாக 90 எடுத்தவர்களை வீதியோரப் பற்றைக்குள் காணலாம். செவ்விளநீர் நல்ல பானந்தான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம் என்பதால் உப்புச் சேர்க்காமல் அதை மட்டும் நம்பக் கூடாது.

மூன்றாவது வெயில். அவர் பயிற்சி செய்வது காலை ஐந்து மணிக்கு, பகல் முழுக்க ஏசி அறையில் வேலை. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் வெயில் பழகிய உடல் என்று நினைத்தார். வெயிலுக்கு உடல் பழகுவது பிறந்த ஊரால் அல்ல, கடந்த சில வாரம் உடல் எவ்வளவு சூடாகி வியர்த்தது என்பதால். 10 முதல் 14 நாள், நாளுக்கு 60 முதல் 90 நிமிடம், வெப்பத்தில் மிதமான உழைப்பு செய்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முந்தித் தொடங்கும், அதில் உப்புக் குறையும். விட்டால் சில வாரத்தில் கரைந்துவிடும். ஒத்திகைக்கு முந்திய மூன்று வாரங்களில் ஓட்டப் பயிற்சிகளைக் காலை ஒன்பது மணிக்கோ பின்னேரம் நாலு மணிக்கோ மாற்றினாலே போதும்.

வியர்வை அளவை வீட்டிலேயே அறியலாம். சலம் கழித்துவிட்டு, உடையின்றி நிறுக்க வேண்டும். பந்தய வேகத்தில், பந்தய நேரத்து வெயிலில் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட வேண்டும். குடித்ததை அளந்து வைக்க வேண்டும். வந்ததும் துடைத்துவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும். இவருக்கு முன் 68.0, பின் 67.1, குடித்தது அரை லீற்றர். ஆக, மணிக்கு 1.4 லீற்றர். ஒத்திகையில் அவர் குடித்தது மணிக்கு ஏறக்குறைய 600 மி.லீ. முடிவில் எடை 65.0: மூன்று கிலோ, 4.4% இழப்பு. 2 முதல் 3 சதவீதத்துக்கு மேல் போனாலே வெயிலில் வேகம் விழும் என்பது பொதுவான அனுபவம்; அதற்குள் வைக்க மணிக்கு 800 முதல் 900 மி.லீ. குடித்திருக்க வேண்டும்.

இந்த மூன்றும் சேர்ந்து 14ஆவது கி.மீ.இல் அவரைப் பிடித்தன. கெண்டைக்கால் பிடிப்பு, பிறகு நடை, பிறகு நிழல் கண்ட இடமெல்லாம் நிற்பது. முதல் ஐந்து கி.மீ.யை 5:05 வேகத்தில் ஓடியிருந்தார். தனி அரை மரதனைவிட கி.மீ.க்கு 25 செக்கன்தான் மெதுவாக. வெயிலில் அதுவும் அளவுக்கு மீறிய வேகம். 5:30இல் தொடங்கியிருந்தால் இரண்டு மணிக்குள் முடித்திருப்பார். இவருடைய இழப்பில் வயதுக்கு ஒரு நிமிடம்கூடச் சேராது.

45 வயதுக்காரர் ஏன் முன்னால் வந்தார்

இவர் எதிலும் வேகக்காரர் அல்லர். சைக்கிளில் 124 வாட், 75%, போகும் பாதியும் திரும்பும் பாதியும் ஒரே வலு. மணிக்கு 60 கிராம் மாச்சத்து, கைக்கடிகாரம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை அடிக்கும்போதெல்லாம் இரண்டு மிடறு. ஓட்டத்தில் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் 30 செக்கன் நடந்தே குடித்தார். தொப்பிக்குள் ஐஸ் போட்டார். மீன்கடை ஐஸ் மலிவாகக் கிடைக்கும்; அதைத் தலைக்கும் கழுத்துக்கும் மட்டும் வைக்கலாம், வாயில் போடக் கூடாது. குடிக்க வேண்டுமென்றால் கொதித்தாறிய நீரில் வீட்டில் செய்த ஐஸை அரைத்து, தொடங்குவதற்கு அரை மணி முன்பு, உடல் எடைக் கிலோவுக்கு 7.5 கிராம் கணக்கில் எடுக்கலாம். இவருக்கு ஏறக்குறைய 460 கிராம்.

இவருடைய ஆபத்து எதிர்த்திசையில் இருந்தது. முந்திய ஒரு நீண்ட பயிற்சியில் மணிக்கு ஒரு லீற்றர் வெறும் தண்ணீர் குடித்து, எடை 600 கிராம் கூடித் திரும்பினார். மோதிரம் இறுகியது, தலையிடித்தது. இரத்தச் சோடியம் லீற்றருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும் நிலைக்கு இதுவே வழி. மெதுவாகப் போகும், உடல் சிறிய, வியர்வை குறைந்தவர்களை இது அதிகம் பிடிக்கிறது, பெண்கள் அதில் கூடுதலாக வருகிறார்கள். வலிக் குளிசைகள் சிறுநீரகத்தின் நீர் வெளியேற்றத்தைக் கெடுத்து இதை மோசமாக்கும். டைக்ளோபெனாக், இபுபுரோஃபென் இரண்டும் பந்தயத்தன்று எந்த வயதிலும் வேண்டாம். எடை கூடிய நிலையில் தலையிடி, வாந்தி, தடுமாற்றம் வந்தால் தண்ணீர் கொடுக்கக் கூடாது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நாற்பதுகளின் நடுவில் பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கு மாறத் தொடங்கும். போக்கு அதிகமானால் இரும்புச் சேமிப்பு வடியும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிற்றின் தாழ்ந்திருக்கலாம். காரணமில்லாமல் ஏற்றங்களில் மூச்சு வாங்கினால் முதலில் அதைச் சோதிக்க வேண்டும், அளவு தெரியாமல் இரும்புக் குளிசை எடுக்கக் கூடாது. எலும்புக்கும் தசைக்கும் வாரம் இரண்டு நாள் பாரப் பயிற்சி இந்த வயதில் தொடங்காவிட்டால் ஐம்பதுகளில் அதற்கு விலை கொடுக்க நேரும்.

இவருக்கு இன்னும் கிடைக்கக்கூடிய நேரம் உடலில் இல்லை, சைக்கிளில் உட்காரும் விதத்தில் இருக்கிறது. சமதரையில் 27 கி.மீ. வேகத்திலேயே எதிர்ப்பில் நான்கில் மூன்று பங்கு காற்று. முன்கையை ஊன்றும் ஏரோ பார் போட்டு, முழங்கை ஒடுக்கி, தலையைத் தாழ்த்தினால் அதே 124 வாட்டில் 28.6 கி.மீ. வரும். 90 கி.மீ.க்கு ஏழு நிமிடம். ஆனால் அந்த நிலையில் ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து இருக்கக் கழுத்தும் இடுப்பும் பழக வேண்டும். பழகாமல் பூட்டினால் பாதி வழியில் நிமிர்ந்துவிடுவார். இந்த வீதியில் கட்டாக்காலி மாடுகள் குறுக்கே படுத்திருக்கும் இடங்களில் கை பிரேக்கில்தான் இருக்க வேண்டும்.

62 வயதுக்காரரின் ஓட்டம்

நீச்சலிலும் சைக்கிளிலும் இவர் விட்டது மிகக் குறைவு. 43 நிமிட நீச்சல் மூவரில் முதலிடம். 130 வாட், 76%. ஓட்டத்தில் 2:36.

வயதானவரின் ஓட்டம் மெதுவாவதற்கு முதற்காரணம் எட்டின் நீளம் குறைவது. காலெடுப்பு வேகம் அதிகம் மாறுவதில்லை. கெண்டைக்காலும் கணுக்காலும் தரையைத் தள்ளும் வலு குறைவதால் ஒவ்வொரு எட்டும் சுருங்குகிறது. மூன்று மணி நேரம் சைக்கிளில் இருந்து இறங்கினால் இது இரட்டிப்பாகும். வெறுமனே கூடுதல் கிலோமீற்றர் ஓடினால் குதிகால் தசைநாண் வீங்கும், எட்டு நீளாது. தேவை கெண்டைக்கால் வலு. படியின் விளிம்பில் நின்று, முழங்கால் நேராக 3 தடவை 12, மடக்கி 3 தடவை 12, வாரம் மூன்று நாள். முதலில் இரண்டு காலில், ஆறு வாரத்தில் ஒரு காலில், பிறகு முதுகுப் பையில் 5 கிலோ அரிசி. இதோடு கோணேசர் கோயிலுக்குப் போகும் ஏற்றத்தில் 20 செக்கன் வேகமாக ஏறி, நடந்து இறங்கும் சுற்று ஆறு. ஏற்றத்தில் வலு கூடும், காலில் விழும் அதிர்ச்சி குறைவு.

சாப்பாட்டில் இவருக்குத் தேவை வேறு. ஒரு வேளையில் தசை கட்ட இளவயதில் கிலோவுக்கு 0.24 கிராம் புரதம் போதும், அறுபதுகளில் 0.4 வரை வேண்டும். 70 கிலோவுக்கு வேளைக்கு 28 கிராம். காலையில் இடியப்பமும் சொதியும் மட்டும் என்றால் அந்த வேளை வீண். இரண்டு முட்டையும் ஒரு கோப்பை தயிரும், அல்லது நல்ல ஒரு துண்டு மீனும் அவித்த கடலையும் சேர்க்க வேண்டும். இரவு உணவில் மட்டும் புரதத்தைக் குவித்தால் அதே பலன் கிடைக்காது.

தாகம் வயதோடு மங்கும். தோலுக்கு இரத்தம் பாய்வதும் வியர்ப்பதும் தாமதிக்கும். "தாகமில்லை" என்று இவர் சொல்வதை நம்பக் கூடாது, நேரம் பார்த்துக் குடிக்க வேண்டும். இரத்த அழுத்தக் குளிசை எந்த வகை என்பது மிக முக்கியம். துடிப்பைக் குறைக்கும் பீற்றா தடுப்பு வகை என்றால் இதயத்துடிப்பு வலயங்கள் எல்லாம் பொய்யாகும். வலுவையும் மூச்சையும் வைத்தே ஓட வேண்டும். சலம் போக வைக்கும் வகை என்றால் வெயிலில் நீரும் உப்பும் சேர்ந்து போகும். இரண்டிலும் தானாக நிறுத்தக் கூடாது, பந்தய நாளுக்கான அளவை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

ஓட்டத்தில் இவர் சோர்ந்த பிறகு நடந்தார். தொடக்கத்திலிருந்தே நான்கு நிமிடம் ஓட்டம், 45 செக்கன் நடை என்று போயிருந்தால் பத்து நிமிடமளவு மிச்சமாகியிருக்கும். மாற்றங்களில் போன 11 நிமிடத்தில் நாலும் சும்மா கிடைக்கும்: குனிந்து நாடா கட்டுவது இந்த வயதில் மெதுவான வேலை. இழுத்தால் இறுகும் நாடா, உட்கார ஒரு ஸ்ரூல், மணலைத் தட்ட ஒரு வாளித் தண்ணீர்.

உப்புக்காற்றும் சைக்கிளும்

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நன்னீரில் கழுவித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு மேலே படிந்ததைத் துணியால் எடுக்க வேண்டும். ஈரமான எண்ணெயில் கடற்கரை மணல் ஒட்டி அரைக்கும். கம்பி முனைத் திருகுகளும் கைப்பிடித் தண்டின் போல்ற்றுகளும் உள்ளே பூத்துப்போகும், மாதம் ஒரு தடவை கழற்றி கிரீஸ் பூச வேண்டும். வியர்வை சொட்டும் கைப்பிடிக் கழுத்தின் பெயாரிங்தான் முதலில் போகும். 28 மி.மீ. ரயருக்கு 68 கிலோ ஆள் 70 முதல் 75 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் கல்லெனக் காற்றடித்தால் கரடுமுரடில் வேகம் குறையும், கை மரத்துப்போகும். நெருஞ்சி முள்ளுக்கு இரண்டு ரியூப் கொண்டுபோக வேண்டும். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் அதிகாலை நீண்ட ஓட்டம் வேண்டாம், யானைகள் வீதிக்கு வரும்.

ஆண்டின் ஒழுங்கும் மீட்சியும்

கார்த்திகை முதல் தை வரை வடகீழ் மழைக்காலம், கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்கள் பாரப் பயிற்சிக்கும் குளிர்ந்த காலை ஓட்டங்களுக்கும் உரியவை. மாசியில் சைக்கிள் தூரத்தைக் கூட்டலாம். பங்குனி நடுவில் கடல் அடங்கியதும் திறந்த நீர் நீச்சல் தொடங்கினால் வைகாசிக்கு எட்டு வாரம் கிடைக்கும். 28 வயதுக்காரர் கடினமான பயிற்சிகளுக்கு இடையில் ஒரு நாள் விட்டால் போதும். 45 வயதுக்காரருக்கு இரண்டு நாள், 62 வயதுக்காரருக்கு இரண்டு முதல் மூன்று. ஆகவே மூத்தவருக்கு ஏழு நாள் வாரம் பொருந்தாது, பத்து நாளை ஒரு சுற்றாக வைத்து அதற்குள் ஒரு நீள ஓட்டம், ஒரு நீள சைக்கிள், ஒரு கடின நாள் என்று அடுக்க வேண்டும். வாரத்துக்குள் எல்லாவற்றையும் திணிப்பதால்தான் அறுபதுகளில் குதிகால் தசைநாணும் கெண்டைக்காலும் கிழிகின்றன.

பந்தயத்துக்குப் பிறகு மூவருக்கும் முதல் நான்கு நாள் நீச்சலும் நடையும் மட்டும். ஓட்டத்துக்குத் திரும்புவது இளையவருக்கு ஏழாம் நாள், நடுவயதில் பத்தாம் நாள், மூத்தவருக்குப் பதினான்காம் நாள், அதுவும் படியில் ஒரு காலில் 15 தடவை வலியின்றிக் குதி உயர்த்த முடிந்தால் மட்டும். சலம் தேயிலைச் சாயம்போல் கறுத்தால் அது வெறும் நீரிழப்பு என்று விடக் கூடாது. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலையாக இருக்கலாம், அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.